பராமரிப்பு வாரம்

அந்த மூன்று அலுவலகங்களும் என்றைக்குப் பேச்சை நிறுத்தின என்று யாருக்கும் ஞாபகமில்லை. நகரக் குடிநீர் வாரியத்தின் குழாய் வெடித்துப் பாசனச் சங்கத்தின் வாசல் குளமாகி நின்றபோதுகூட, "உங்க குழாய் உடைஞ்சிருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பச் சங்கத்தாருக்கு மனம் வரவில்லை. கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி அலுவலகம் போய் வந்தார்கள். அந்தக் குளத்தில் மீன் பிடித்தவர்கள்கூட உண்டு என்று கேள்வி. புறநகர் ஊராட்சிக்காரர்களோ, இந்த இரண்டு அலுவலகத்து ஆட்கள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்ம மாட்டார்கள். திருப்பினால் மரியாதை கொடுத்ததாக ஆகிவிடுமே!

மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது காலுக்குக் கீழே கிடந்த தண்ணீர் ஒன்றுதான். வாரியம் ஒரு துளை போட்டால் சங்கம் அதைவிட ஆழமாக ஒன்று போடும். சங்கம் போட்டதைக் கேள்விப்பட்டு ஊராட்சி ராத்தூக்கம் கெட்டு அதற்கும் கீழே போகும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உலகத்தின் மறுபக்கத்தில் எவர் வீட்டுச் சமையலறைத் தரையிலாவது ஓட்டை விழுந்திருக்கும்.

அப்போதுதான் மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. ஒரே நிலத்தடி நீரை உறிஞ்சுகிற உள்ளூர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து ஒரே திட்டம் போட வேண்டும். நீர்மட்டம் இதற்குக் கீழே போகாது என்று ஒரு கோடு கிழித்து, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை அளந்து காட்ட வேண்டும். கோட்டுக்குக் கீழே போனாலோ, கூட்டு உடைந்தாலோ, மாநிலமே வந்து ஒவ்வொரு பம்பிலும் மீட்டர் மாட்டி, பம்ப் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடும்.

அந்த மூன்றையும் ஒட்டவைக்க நியமிக்கப்பட்ட ஒருங்கிணைப்பாளருக்கு ஊர் வைத்த பெயர் கோந்து. நில அளவைத் துறையில் இருந்தவர். எந்தப் பக்கமும் சேராத ஆள் என்ற ஒரே தகுதியில் மூன்று பேருமே அவரை ஒப்புக்கொண்டார்கள். முதல் கூட்டத்தில் மேசையின் தலைப்பக்கம் யார் உட்காருவது என்று தகராறு வந்தபோது, கோந்து மழலையர் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு வட்ட மேசையையும் நாலு குட்டி நாற்காலிகளையும் வாடகைக்கு எடுத்து வந்தார். மூன்று தலைவர்களும் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, நிலத்தடி நீரின் எதிர்காலத்தை விவாதித்தார்கள். வாரியத்தம்மா எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைக் கழற்றிவிட சங்கத்துத் தோப்புக்காரரும் ஊராட்சியின் லாரிக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். கோந்து அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்தான்.

கோடு கிழிக்கப்பட்டது. எந்தெந்தக் கிணறுகளில் அளப்பது என்றும் முடிவானது. ஆழமில்லாத கிணறு ஒன்றாவது பட்டியலில் இருக்க வேண்டும், முதலில் வற்றுவது அதுதான் என்று சட்டம் சொன்னதால், ஊரின் விளிம்புத் தெருவில் ஒரு பழைய குழாய்க் கிணற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அது கோந்துவின் அக்கா வீட்டுக் கொல்லையில் இருந்தது. தம்பிதான் அளக்கப் போகிறான் என்று அக்காவுக்கு அன்றைக்கு ஒரே பெருமை. வேறு யார் அளந்தாலும் மற்ற இரண்டு பேர் நம்ப மாட்டார்கள் என்பதால், டேப்பும் கோந்துவின் கைக்கே வந்தது.

முதல் அளவு கோட்டுக்கு மேலே மயிரிழையில் நின்றது. அடுத்த அளவுக்கு நிச்சயம் கீழே போய்விடும் என்பது மூவருக்கும் தெரிந்தது. குட்டி நாற்காலிகளில் கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் தோப்புக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"ரத்தம் டெஸ்ட் பண்ணப் போறப்ப வெறும் வயித்தோடதானே போறோம்? அளக்கறதுக்கு முன்னாடி பம்புக்கும் கொஞ்சம் ரெஸ்ட் குடுப்போமே. இதுல என்ன தப்பு?"

"நீங்க நிறுத்துவீங்க, இவரு ராத்திரியோட ராத்திரியா லாரிய ரொப்பிப்பாரு," என்றாள் வாரியத்தம்மா. லாரிக்காரரிடம் ஊராட்சித் தலைவர் பதவியோடு ஏழெட்டுத் தண்ணீர் லாரிகளும் இருந்தன.

"என்னைப் பாத்தா அப்படியாம்மா தெரியுது?"

"அப்படித்தான் தெரியுது."

"சரி, என் லாரிச் சாவிய நீங்க வச்சுக்கங்க. உங்க பம்ப் சாவிய அவரு வச்சுக்கட்டும். அவரு சாவிய நான் வச்சுக்கறேன். போதுமா?"

போதும் என்று ஆனது. 'பராமரிப்பு வாரம்' என்று கோந்து பெயர் கொடுத்தார். ஏகமனதான தீர்மானம். பம்புகள் நின்றன. உறிஞ்சுவது நின்றதும் நாலாபக்கத்திலிருந்தும் தண்ணீர் மெல்லக் கசிந்து வந்து, பள்ளம் விழுந்த இடத்தை நிரப்பியது. மட்டம் ஏறியது. கோந்து அளந்தார். கோட்டுக்கு மேலே கம்பீரமாக நின்றது. மாநிலத்திலிருந்து பாராட்டு வந்தது. உள்ளூர் ஒத்துழைப்புக்கு இது ஒரு முன்மாதிரி என்று எங்கெங்கோ இருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். ஒருவர் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்.

பம்புகள் மறுபடி ஓடின. பட்டினி கிடந்தவன் சாப்பாட்டைப் பார்த்த மாதிரி ஓடின. அளவு நன்றாக வந்துவிட்டதே என்ற தைரியத்தில் தோப்புக்காரர் இன்னும் நானூறு மரம் வைத்தார். வாரியம் புதிதாக ஒரு குடியிருப்புக்கு இணைப்பு கொடுத்தது. அடுத்த முறை ஒரு வார ஓய்வு போதவில்லை. பத்து நாள் ஆனது. அதற்கடுத்து இரண்டு வாரம். பெயர் மட்டும் வாரமாகவே இருந்தது.

அக்காவுக்கு லாண்டரி. வீட்டின் பின்பாதியில் பெரிய பெரிய இயந்திரங்கள் இரண்டு. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் விடுதித் துண்டுகளும் மலையாக வந்து இறங்கும். அத்தானுக்கு முழங்கால் போய்விட்டதால் உட்கார்ந்தபடியே மடிப்பார். வாய் மட்டும் சும்மா இருக்காது.

அந்த வருஷம் கோடையில் அக்காவின் கிணற்றில் முதலில் காற்று வந்தது, அப்புறம் மணல் வந்தது, பிறகு எதுவுமே வரவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகள் மஞ்சளாகத் திரும்பிப் போயின. திரும்பிப் போனவை அப்படியே திரும்பி வந்தன. அக்கா லாரித் தண்ணீர் வாங்கினாள். அதுவும் கட்டுப்படியாகவில்லை. பராமரிப்பு வாரம் வந்ததும் கிணற்றில் தண்ணீர் வந்தது. கோந்து அளந்துவிட்டுப் போனார். அவர் போன மூன்றாம் நாள் தண்ணீரும் போனது.

"தம்பி, என் கெணறு கவர்மெண்ட் ஆளு மாதிரி ஆயிடுச்சுடா," என்றாள் அக்கா, ஒரு நாள் அவர் வீட்டுக்குள் நுழைந்ததுமே. "பெரிய ஆபீசர் வர்ற வாரம் மட்டும் டியூட்டிக்கு வருது."

"பருவம் மாறுது, அக்கா. எல்லா எடத்துலயும் அப்படித்தான்."

"மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அத்தான், ஒரு துண்டை உதறி மடித்தபடி. "ஊருக்கே தண்ணி காட்டறவராச்சே."

கோந்து சிரித்துவைத்தார். அக்கா சிரிக்கவில்லை.

"நான் மாநிலத்துக்குப் புகார் அனுப்பிட்டேன்."

கோந்துவின் சிரிப்பு நின்றது. "என்ன புகார்?"

"என் கெணத்துல தண்ணி இல்லன்னு. உங்க திட்டம் பொய்னு. நீ அளக்கற வாரத்துல தோப்புப் பக்கம் சத்தமே இல்ல. டவுனுக்குத் துணி குடுக்கப் போனா, குழாய்ல தண்ணி வரலன்னு பொலம்பறாங்க. என் கெணத்துல மட்டும் அன்னைக்குத் தண்ணி. இது எப்படிடா?"

கோந்து ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"ஆஸ்பத்திரிக்காரன் இந்த மாசத்தோட வேற ஆளப் பாத்துக்கறேன்னுட்டான். அவன் போனா கடை இல்ல. கடை இல்லன்னா வீட்ட வித்துட்டுத்தான் போகணும். கெணறு செத்த வீட்ட எவன் வாங்குவான்? சொல்லு. அவங்க வந்து உண்மையப் பாத்தா, பம்பக் கொறைக்கச் சொல்லுவாங்க. என் கெணறு பொழைக்கும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"புகார வாபஸ் வாங்கிக்கோ அக்கா. நான் மெதுவாப் பேசி எல்லாரையும் கொறைக்க வைக்கறேன். இப்பதான் ஒரே மேசையில உக்காந்திருக்காங்க. கொஞ்சம் டைம் குடு."

"உக்காந்து என்னடா பண்றாங்க?"

அந்தக் கேள்வி அவர் கூடவே வீட்டுக்கு வந்தது. வீட்டில் அவருக்கு முன்னால் உட்கார்ந்தும் கொண்டது.

புகாரை விசாரிக்க அதிகாரி வரப்போவதாக முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. அப்படி அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். வட்ட மேசை கூடியது. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்குச் சண்டை வந்திருக்க வேண்டும். பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் தோப்புக்குத் தண்ணீர் கிடையாது, வெயில் காலத்தில் நகரத்துக்குக் குழாய் கிடையாது, லாரிகளுக்கு ஓட்டம் கிடையாது. மூன்று பேருமே நஷ்டப்பட வேண்டிய காரியம். ஆனால் ஒருவர்கூட முனகவில்லை. "நாங்க மூணு வாரம் தாங்குவோம்," என்றார் தோப்புக்காரர். "நாலு வாரமே நிறுத்துங்க, ஜனங்கள நான் பாத்துக்கறேன்," என்றாள் வாரியத்தம்மா. லாரிக்காரர் கேட்கப்படுவதற்கு முன்பே சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். ஒருவருக்கொருவர் பிஸ்கட் தட்டைத் தள்ளிக்கொண்டார்கள். விரோதிகளாக இருந்தவர்கள் இவ்வளவு விட்டுக்கொடுத்ததை அந்த ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கப் போவதில்லை.

"உங்க அக்காதானே?" என்றாள் வாரியத்தம்மா, மெதுவாக. "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேற ஆள விட்டு அளந்துக்கலாம்."

"யார விடுவீங்க?" என்றார் லாரிக்காரர் உடனே. "சங்கத்து ஆளையா?"

"ஏன், எங்க ஆளுக்கு என்ன கொறைச்சல்?" என்று தோப்புக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

அந்த ஒரு நொடியில் கோந்துவுக்குப் பழைய காலம் முழுவதும் கண்முன் வந்து போனது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நடந்தவர்கள், போட்டி போட்டு விழுந்த துளைகள், எல்லாம். "நானே அளக்கறேன்," என்றார்.

பம்புகள் நின்று இரண்டாவது வாரத்தில் விளிம்புத் தெருவின் கிணறுகளில் தண்ணீர் வந்தது. அக்கா வீடு வீடாகப் போனாள்.

"தொடாதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன். இது நமக்காக வந்த தண்ணி இல்ல, அதிகாரிக்குக் காட்ட வந்த தண்ணி. நம்ம தெரு காஞ்சு கெடக்கறத அவங்க பாக்கணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா தெருமுனை தாண்டியதும் குழாய்களைத் திறந்தார்கள். பாவம், அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? மாதக்கணக்கில் ஒரு குவளைத் தண்ணீரில் முகம் கழுவி, அதே தண்ணீரில் பாத்திரம் அலசி, அதையே செடிக்கு ஊற்றிய ஜனங்கள். அந்த வாரம் அந்தத் தெருவில் கழுவாத பொருள் எதுவும் இல்லை. சுவரைக் கழுவினார்கள், கூரையைக் கழுவினார்கள், கழுதை வயதாகி ஓடாமல் நின்ற கார்களைக் கழுவினார்கள். ஒருவர் தன் நாயை ஒரே நாளில் மூன்று தடவை குளிப்பாட்டியதில் அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. வாசலெல்லாம் ஈரத்துணி. சாக்கடை சலசலவென்று ஓடியது. அக்கா மட்டும் இயந்திரங்களைத் தொடவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டையாக நாறிக் கிடந்தன. அத்தான் கிண்டல் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்தது அக்காவை இன்னும் பயமுறுத்தியது.

அதிகாரி வந்தாள். இளம்வயதுப் பொறியாளர். தூசு படிந்த காலணி, கழுத்தில் அடையாள அட்டை. தெருவில் நுழைந்ததும் சாக்கடையைப் பார்த்தாள். சொட்டுகிற துணிகளைப் பார்த்தாள். நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள்.

கொல்லையில் மூன்று தலைவர்களும் ஒரே குடைக்குக் கீழே நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. கோந்து கிணற்றின் இரும்பு மூடியைத் திருகிக் கழற்றினார். இரும்பு டேப்பின் நுனியில் நீலச் சாக்கட்டியைத் தேய்த்து, கோட்டின் ஆழம் வரைக்கும் கையால் விட்டு விட்டு உள்ளே இறக்கினார். நனைந்த இடம் வரைக்கும் சாக்கட்டி கருத்துப்போகும். அதுதான் கணக்கு. இழுத்து எடுத்தபோது டேப் ஒரு முழத்துக்கு மேலேயே கருத்திருந்தது. நீர்ச்சொட்டு அவர் மணிக்கட்டு வழியே சட்டைக்குள் இறங்கியது.

"கோட்டுக்கு மேல, மேடம்," என்றார். தெருவுக்கே கேட்கிற குரலில்தான் சொன்னார். பழக்கம்.

"என் வாயால சொன்னா நம்ப மாட்டீங்க மேடம்," என்றாள் அக்கா. தோப்புப் பக்கம் கையை நீட்டினாள். "பம்ப் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்காங்க. இந்த ஒரு நாளுக்காக. எங்க தம்பியையே கேளுங்க. அவன் பொய் சொல்ல மாட்டான்."

அதிகாரி டேப்பைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். "பம்ப் நிறுத்தியிருக்கீங்களா, சார்?"

"ஆமா மேடம். வருஷா வருஷம் நடக்கற பராமரிப்பு. மூணு அமைப்பும் சேர்ந்து போட்ட தீர்மானம்."

"அளவு எடுக்கறதுக்காக நிறுத்தலையே?"

குடைக்குக் கீழே மூன்று பேரும் கோந்துவையே பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், கூட்டு உடைந்துவிடும். சாவிகள் போகும், வட்ட மேசை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகும், மூன்று பேரும் அவரவர் வழக்கறிஞரைத் தேடிப் போவார்கள். இவ்வளவு வருஷம் ஒட்டவைத்தது அத்தனையும் ஒரே மூச்சில் பிய்ந்துபோகும். கெட்ட ஒற்றுமையைச் சரிசெய்துகொள்ளலாம், உடைந்ததை என்ன செய்வது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அக்காவின் பக்கம் திரும்பாமலே சொல்லிக்கொண்டார்.

"இல்ல," என்றார்.

அக்கா சட்டென்று திரும்பினாள். வீட்டுக்குள் போனாள். இயந்திரம் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. நாறிய விரிப்புகளை அன்றைக்கே துவைத்து முடித்துவிட்டாள். இனிமேல் யாருக்குக் காட்ட மிச்சம் வைப்பது?

அறிக்கை சீக்கிரமே வந்தது. நீர்மட்டம் கோட்டுக்கு மேலே உள்ளது, புகார் தள்ளுபடி. அந்தத் தெருவில் நீர் விரயம் அதிகமாகக் காணப்படுகிறது, குடியிருப்போர் சிக்கனம் பழக வேண்டும் என்று ஒரு வரியும் இருந்தது. மேசையில் கேக் வெட்டினார்கள். தோப்புக்காரர் தன் கையால் வாரியத்தம்மாவுக்கு ஊட்டியே விட்டார். அந்தத் தெருவின் கஷ்டத்தைப் பார்த்து மனமிரங்கி, வாரம் ஒரு லாரித் தண்ணீர் அனுப்புவது என்று ஏகமனதாகத் தீர்மானமும் போட்டார்கள். அந்த லாரி நிரம்புவது விளிம்புத் தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்த ஊராட்சியின் ஆழ்துளைக் கிணற்றில். அக்கா வீட்டுக் கிணற்றில் மிச்சமிருந்த ஈரத்தையும் உறிஞ்சி, லாரியில் ஏற்றி, தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் வாசலிலேயே இறக்கினார்கள்.

பம்புகள் ஓடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அக்கா ஆள் அனுப்பினாள். டேப்பையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள்.

லாண்டரி காலியாக இருந்தது. இயந்திரங்கள் நின்ற இடத்தில் தரையில் இரண்டு வெள்ளைச் சதுரங்கள். அத்தான் வாசலில் கட்டிய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"வீடு?" என்றார் கோந்து.

"எவனும் வாங்கல மாப்ள. பூட்டிட்டுப் போறோம். எங்க தங்கச்சி வீட்டுல ரெண்டு மாசம். அதுக்கப்பறம் பாப்போம்." அத்தான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா கொல்லைக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

"அளந்து குடு."

"அக்கா..."

"அளடா. இன்னைக்கு யாரும் வரல. குடை புடிக்க ஆள் இல்ல. எனக்காக ஒரு தடவ அளந்து குடு."

அவர் மண்டியிட்டு மூடியைத் திருகினார். நுனியில் சாக்கட்டியைத் தேய்த்தார். டேப் இறங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்குச் சொன்ன இடத்தைத் தாண்டியது, கோட்டைத் தாண்டியது, பிறகு அடி மணலில் மெத்தென்று இடித்து நின்றது. இழுத்து எடுத்தார். சாக்கட்டி தேய்த்தது தேய்த்தபடியே, நீலமாக, ஒரு புள்ளிகூடக் கருக்காமல் வந்தது.

"சொல்லு," என்றாள் அக்கா.

அவர் டேப்பின் நீல நுனியை அவள் பக்கம் நீட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

"அன்னைக்குச் சத்தமாச் சொன்னியே. தெருவே கேட்டுச்சு."

"தண்ணி இல்ல அக்கா."

"எனக்கே கேக்கல."

"தண்ணி இல்ல," என்றார் கோந்து. இரண்டு மூன்று வீட்டுச் சன்னல்கள் திறந்தன. மறுபடியும் சொன்னார், இன்னும் சத்தமாக. தோப்புப் பக்கம் பம்புகள் ஓடுகிற இரைச்சலில் அது அடுத்த வீட்டைத் தாண்டிப் போயிருக்காது.

அவருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. கை டேப்பைச் சுருட்டவும் மறந்துபோயிருந்தது. அக்காதான் குனிந்து அதை வாங்கினாள். ஈரத்தைத் துடைப்பதற்காக அவர் எப்போதும் தோளில் போட்டுக்கொள்கிற துணியை எடுத்து, டேப்பில் ஒட்டியிருந்த புழுதியை மேலிருந்து கீழே வரை பொறுமையாகத் துடைத்தாள். சீராகச் சுருட்டி அவர் கையில் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய், மூட்டைகளை எண்ணத் தொடங்கினாள்.